கோப்பியும் கொப்பியும்: ஆங்கில வகுப்பில் சிரிப்பு என்ன வேலை செய்கிறது?

ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில், கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒருநாள் வகுப்பில் மேசை ஒன்றை இழுத்துப் போட்டு அதைக் கோப்பிக் கடை ஆக்கினோம். கடைக்காரராக நின்றவர் சிரியாவிலிருந்து வந்த இளைஞர். வாங்கப் போனவர் பருத்தித்துறைப் பக்கத்து அம்மா ஒருவர். "டூ கொப்பி, பிளீஸ்" என்றார் அம்மா. இளைஞர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மேசையில் கிடந்த பயிற்சித்தாளில் இரண்டு பிரதிகளை எடுத்து, விளிம்பு தட்டி நேராக்கி, மரியாதையாக இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அம்மா தாள்களைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். விளங்கியதும் முதலில் சிரித்தவர் அவர்தான். அதன் பிறகே வகுப்பு சிரித்தது.

தமிழில் 'எஃப்' ஒலி இல்லை. அதனால்தான் எங்கள் ஊரில் எழுதுகிற கொப்பியும் குடிக்கிற கோப்பியும் இவ்வளவு நெருங்கிப் போயின. அந்த இளைஞருக்கோ சிக்கல் மறுபக்கம். அரபியில் எஃப் உண்டு. 'பல்' என்று சொல்லும்போது வருகிற ப கிடையாது. 'கம்பளி' என்னும்போது வருகிற ப மட்டுமே உண்டு. ஆகவே காரை எங்கே நிறுத்தலாம் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டால், 'எங்கே குரைக்கலாம்' என்று எதிரில் நிற்பவரின் காதில் விழக்கூடும். அம்மா சிரித்ததும் இந்தக் கதையை அவரே எழுந்து சொன்னார். அதற்குப் பிறகு இருபது நிமிடம் நாங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதுவது எப்படி என்று அவர் அம்மாவுக்குக் காட்டினார். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு, அது அசையும்படி ப சொல்வது எப்படி என்று அம்மா அவருக்குக் காட்டினார். நான் ஓரமாக நின்றேன்.

மொழி கற்பிப்பதில் நகைச்சுவைக்கு என்ன இடம் என்று இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. பாடம் கசப்பு மருந்து, பகிடி அதற்குத் தடவுகிற தேன் என்பது பலரின் மனதில் இருக்கும் விடை. அந்த விடை பாதியைத்தான் சொல்கிறது. மேலே சொன்ன நிகழ்ச்சியில் சிரிப்பையும் பாடத்தையும் பிரித்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். எஃப் ஒலியை எடுத்துவிட்டால் பகிடி இல்லை. பகிடியை எடுத்துவிட்டால் அந்த ஒலியைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சிரிப்புக்குக் காரணமே மொழியாக இருக்கும்போது அந்தச் சிரிப்பே பாடமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

வாயைப் பூட்டுகிற பயம்

எங்கள் வகுப்புகள் பெரும்பாலும் 'லிங்க்' என்ற திட்டத்தின் கீழ் நடக்கின்றன. கனடாவின் மத்திய அரசு 1992இல் தொடங்கிய திட்டம் அது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் இலவசமாகப் படிக்கலாம். ஒருவரின் ஆங்கிலத்தை 12 படிநிலைகளில் வைத்து அளக்கிறார்கள். முதற்படியில் இருப்பவர் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லத் தடுமாறுவார். அவர் தன் ஊரில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவராக இருக்கலாம், பிள்ளைப்பேறு பார்த்த தாதியாக இருக்கலாம். சொந்த மொழியில் ஊரே மதித்த மனிதர் ஆங்கிலத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஆகிவிடுகிறார். இந்த இறக்கம் எவ்வளவு வலிக்கும் என்பதை வகுப்பின் பின்வரிசையில் குனிந்த தலைகளைப் பார்த்தால் தெரியும்.

1986இல் எலைன் ஹோர்விட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், அந்நிய மொழி வகுப்பில் மாணவர்களுக்கு வரும் பதற்றத்தை அளக்க ஒரு வினாநிரல் அமைத்தார்கள். அதில் 33 கூற்றுகள். ஒவ்வொன்றையும் படித்து, இது எனக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மாணவர் குறிக்க வேண்டும். நான் இந்த மொழியைப் பேசும்போது மற்ற மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறேன் என்ற கருத்துள்ள கூற்றும் அவற்றில் ஒன்று. சிரிப்பைப் பற்றி எழுதும் எவரும் முதலில் இங்கே நிற்க வேண்டும். மருந்து என்று நாம் கொண்டுபோகிற பொருளே பல மாணவர்களுக்கு நோயின் பெயராக இருக்கிறது.

ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் 1980களின் தொடக்கத்தில் பரப்பிய ஒரு கருத்து ஆங்கில ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கற்பவரின் மனதில் ஒரு வடிகட்டி இருக்கிறது என்றார் அவர். பயம், வெட்கம், சலிப்பு ஆகியவை கூடும்போது அந்த வடிகட்டியின் கண்கள் அடைபடும். காதில் விழுகிற மொழி உள்ளே இறங்காது. மனம் இளகும்போது கண்கள் திறக்கும். டூலே, பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இந்த உவமையைப் பயன்படுத்தியிருந்தார்கள். இப்படியொரு வடிகட்டியை யாரும் கண்டதுமில்லை, அளந்ததுமில்லை என்று கிராஷனைக் கண்டித்தவர்கள் உண்டு. கண்டனம் நியாயமானதுதான். ஆனாலும் உவமை கைகொடுக்கிறது. முதல் வாரத்தில் வாயே திறக்காத ஒருவர், ஒரு விளையாட்டின் நடுவே தன்னை மறந்து "நோ, நோ, மை டேர்ன்!" என்று கத்துவதைப் பார்த்த ஆசிரியருக்கு அதை வேறு எப்படி விளக்குவது?

ஒரு பகிடி விளங்க எத்தனை விஷயம் தெரிய வேண்டும்?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கேள்வி: ஆறுக்கு ஏன் ஏழைக் கண்டால் பயம்? விடை: "பிகோஸ் செவன் எய்ட் நைன்." தமிழில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மொழிபெயர்த்தால் ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில் எட்டுக்கும் 'சாப்பிட்டது' என்பதற்கும் ஒரே ஒலி. ஏழு ஒன்பதைச் சாப்பிட்டுவிட்டது. அடுத்தது தானோ என்று ஆறு நடுங்குகிறது.

இதைக் கேட்டுச் சிரிக்க ஒரு மாணவர் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? எண்களின் பெயர்கள். சாப்பிடு என்ற வினைச்சொல்லின் இறந்தகாலம் ஒழுங்கில்லாமல் மாறும் என்பது. இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் வரலாம் என்பது. எண்களை ஆட்களைப் போலப் பாவிக்கலாம் என்பது. இவ்வளவும் ஒரே நொடியில் ஒன்றுகூடினால்தான் சிரிப்பு வரும். ஆகவே ஒரு பகிடிக்கு மாணவர் சிரித்துவிட்டால் தனியாகப் பரீட்சை வைக்கத் தேவையில்லை. சிரிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கலாம். என் வகுப்பில் பலருக்கு அறுவது இறந்தகாலத்தில். "ஈட்டட்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு எட்டு எட்டாகவே நிற்கும். இந்தப் பகிடியைக் கேட்ட மறுநாளிலிருந்து 'ஈட்டட்' குறைந்துவிடுகிறது. பத்து முறை பலகையில் எழுதித் திருத்தியும் போகாத பிழை அது.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். மொழி வகுப்பில் நடந்தவை அல்ல என்றாலும், எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வருகிற ஆய்வுகள் இரண்டு. 1977இல் கப்லானும் பாஸ்கோவும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு விரிவுரையைச் சில வடிவங்களில் காட்டினார்கள். ஒரு வடிவத்தில் பகிடி இல்லை. ஒன்றில் பாடக் கருத்தை ஒட்டிய பகிடிகள். இன்னொன்றில் பாடத்தோடு ஒட்டாத பகிடிகள். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது, பகிடியோடு பிணைத்துச் சொன்ன கருத்துகள் மாணவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. மற்றபடி, பகிடி சொன்னதால் விரிவுரை முழுவதும் கூடுதலாக விளங்கிவிடவில்லை. அடுத்தது, 1994இல் ஸ்டீபன் ஷ்மிட் என்ற உளவியலாளர் வெளியிட்டது. வேடிக்கையான வாக்கியங்களும் சாதாரண வாக்கியங்களும் கலந்த பட்டியலைக் கொடுத்தால், வேடிக்கையானவை கூடுதலாக நினைவில் நின்றன. பட்டியல் முழுக்க ஒரே வகையாக இருந்தபோது அந்த அனுகூலம் காணாமல் போனது.

புதிய ஆசிரியர் ஒருவருக்கு இந்த இரண்டும் போதும் என்பேன். வகுப்பின் தொடக்கத்தில் இணையத்தில் பிடித்த ஒரு துணுக்கைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, "சரி, இப்போது பாடத்துக்கு வருவோம்" என்றால், நினைவில் நிற்கப்போவது துணுக்கு மட்டும். நினைவில் நிற்க வேண்டிய இடத்திலேயே சிரிப்பை வைக்க வேண்டும். மூன்று மணிநேரமும் வேடிக்கை காட்டினால் எதுவுமே தனித்துத் தெரியாது.

சொல்லோடு விளையாடுவது

நீண்ட காலமாக மொழிக் கற்பித்தலில் ஒரு நம்பிக்கை கோலோச்சியது. மாணவருக்கு 'உண்மையான' மொழியைத்தான் தர வேண்டும்: பஸ் நேர அட்டவணை, வேலை விண்ணப்பம், வைத்தியரோடு உரையாடல். நானும் இவற்றைத்தான் கற்பிக்கிறேன். வாடகை வீடு தேடுகிறவருக்கு இவை சோறு மாதிரி. ஆனால் 2000ஆம் ஆண்டில் கை குக் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் சொல் விளையாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதி, அழுத்தமான ஒரு கேள்வியை வைத்தார். மனிதர்கள் சொந்த மொழியை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதுகைப் பாட்டு, கேலி, பட்டப்பெயர், விடுகதை, கட்டுக்கதை. குழந்தை மொழிக்குள் நுழைவதே தாலாட்டும் கைவீசம்மாவும் வழியாகத்தான். பொருளைவிட ஒலிக்கு முதலிடம் தரும் இந்த விளையாட்டைப் பெரியவர்களின் வகுப்பிலிருந்து விலக்கி வைத்தால், மொழியின் ஒரு பெரிய பங்கையே விலக்கி வைத்தவர்களாகிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

தமிழர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" என்று வேகமாகச் சொல்லச் சொல்லி நாக்குப் புரண்டு விழுந்து சிரித்தவர்கள் நாங்கள். "ஷி செல்ஸ் சீ ஷெல்ஸ்" என்ற ஆங்கில வாக்கியம் அதற்கு உடன்பிறப்பு. ஸ, ஷ இரண்டும் குழம்புகிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பிழை விடுவதற்கென்றே செய்த வாக்கியம் என்பதால் பிழை விட்டால் வெட்கம் இல்லை. ஆசிரியரும் பிழை விடுவார். நான் ஒவ்வொரு முறையும் பிழை விடுகிறேன்; அந்த இடத்தில்தான் வகுப்பு மிகவும் மகிழ்கிறது.

தாளத்துக்கு வருவோம். ஆங்கிலம் ஒரு வாக்கியத்தில் இரண்டு மூன்று அசைகளை மட்டும் அழுத்தி, மற்றவற்றை நசுக்கி ஓட்டிவிடும். எழுத்து எழுத்தாக உச்சரித்துப் பழகிய எங்களுக்கு அந்த நசுக்கல்தான் காதில் ஏறுவதில்லை. நியூயோர்க்கில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பியானோ வாசித்த கரோலின் கிரஹாம், 1978இல் இதற்கு ஒரு வழி கண்டு வெளியிட்டார். அன்றாடப் பேச்சு வாக்கியங்களை ஜாஸ் தாளத்தில் அமைத்து, கைதட்டி, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்லும் முறை அது. அதே வாக்கியத்தைப் பன்னிரண்டு முறை சொல் என்று ஆசிரியர் கட்டளையிட்டால் அது தண்டனை. தாளத்தோடு சொன்னால் பன்னிரண்டாவது முறையும் போதவில்லை என்கிறார்கள். மொழி கற்பதற்கு மறுபடி மறுபடி சொல்வது வேண்டும். அந்த மறுபடியைத் தாங்கும்படி செய்வது விளையாட்டு.

இங்கே கனடாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வருகிற 'ட்' அழுத்தம் இழந்து, கிட்டத்தட்ட தமிழின் இடைநிலை 'ட' மாதிரி மிருதுவாகிவிடும். தண்ணீர் 'வாடர்' ஆகும். 'வாட் எ' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி 'வட' என்று ஒலிக்கும். "வட டே!" என்று சலித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் பலர் மாதக்கணக்கில் தலையாட்டியிருக்கிறார்கள். இதை ஒரு வாரம் முழுக்கக் கைதட்டிச் சொன்னோம். இந்த 'வட'வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேற்றுமொழிச் சொற்கள் காலை வாருவதும் நல்ல பாடப்பொருள். ஸ்பானிய மொழியில் 'எம்பராசாதா' என்றால் கர்ப்பிணி. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல வந்த ஆங்கிலேயர், மாட்ரிட்டில் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று அறிவிக்கும் விபத்து இப்படி நடக்கிறது. ஜெர்மானியருக்கு 'பெகோமன்' என்றால் பெறுவது. உணவகத்தில் அவர் ஆங்கிலத்தில் "நான் ஒரு இறைச்சித் துண்டாக மாறுகிறேன்" என்று சொல்லிவிடக்கூடும். இப்படிப்பட்ட கதையை ஒவ்வொரு மாணவரிடமும் தன் மொழியிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே அவர்தான் நிபுணர். ஆசிரியர் கற்றுக்கொள்கிறவர். கணக்கு வாத்தியார் நிமிர்ந்து உட்கார்வதை நான் கண்டது அப்படியொரு நாளில்தான்.

பாடப்புத்தக ஆங்கிலத்தின் வேடிக்கையைக் கண்டு கலையாக்கியவர் ஒரு மாணவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ருமேனியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த யூஜின் இயனெஸ்கோ, 1940களின் இறுதியில் ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்க முயன்றார். வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் வாக்கியங்கள் அவரைத் திகைக்க வைத்தன. அதிலிருந்து பிறந்த 'வழுக்கைத் தலைப் பாடகி' நாடகம் 1950இல் மேடையேறியது. பாரிஸில் ஒரு சிறிய அரங்கம் அதை 1957 முதல் தொடர்ந்து நடத்திவருகிறது. பாடப்புத்தகத்தில் இப்படியொரு வாக்கியம் வந்தால் நான் தாண்டிப் போவதில்லை. இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்லுவார்கள் என்று கேட்பேன். அதிகாலை மூன்று மணிக்குக் கணவனை எழுப்பி "இது ஒரு பென்சில்" என்று சொல்லும் மனைவிக்கு என்ன நடந்திருக்கும்? விடை சொல்ல மாணவர்களுக்குத் தேவைப்படும் இலக்கணம், அந்தப் பாடம் கற்பிக்க வந்ததைவிடப் பல மடங்கு.

விளையாட்டுகளைப் பற்றித் தனியாகப் புத்தகங்களே இருக்கின்றன. எனவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருவர் தன்னைப் பற்றி மூன்று வாக்கியங்கள் சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். மற்றவர்கள் கேள்வி கேட்டுப் பொய்யைப் பிடிக்க வேண்டும். "நான் யானைமேல் போயிருக்கிறேன். எனக்கு எட்டுச் சகோதரர்கள். நான் ஒருமுறை விமானத்தைத் தவறவிட்டேன்." உடனே கேள்விகள் பாயும்: எப்போது? எங்கே? யானையின் பெயர் என்ன? இறந்தகாலக் கேள்வி அமைப்பது தமிழருக்கும் சீனருக்கும் மிகக் கடினம், ஏனென்றால் ஆங்கிலம் 'டிட்' என்ற துணைச்சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கச் சொல்கிறது. பொய்யைப் பிடிக்கிற ஆவலில் அந்த 'டிட்' ஐம்பது முறை வந்துபோகும். உண்மையைச் சொல்ல விருப்பமில்லாதவருக்கும் இந்த விளையாட்டில் இடம் உண்டு. தன் வாழ்க்கையைப் பற்றிக் கதைக்க முடியாத காரணங்களோடு வந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பொய் அவர்களுக்கு ஒரு நிழற்குடை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது ஏளனம். மற்ற மூன்றும் பிள்ளைத்தனத்திலிருந்தும் அறியாமையிலிருந்தும் எதையும் நம்பிவிடும் வெள்ளை மனத்திலிருந்தும் வருபவை. மொழி வகுப்பில் இந்த நான்குமே கிடக்கின்றன. புது மொழியில் எல்லாருமே இளையோர், எல்லாருமே அறியாதவர்கள். அதனால்தான் அங்கே எள்ளல் இவ்வளவு எளிதாக நுழைகிறது. நுழைந்தால் மற்ற மூன்றையும் துரத்திவிடுகிறது.

லண்டனில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் மாலை வகுப்பைக் களமாக வைத்து 1977இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடர் பலருக்கு நினைவிருக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் விரும்பிப் பார்த்தார்கள். அதில் சொல் இரட்டுறும் இடங்கள் இன்றைக்கும் ஆசிரியருக்குப் பயன்படும். ஆனால் ஒவ்வொரு மாணவரும் தன் நாட்டின் கேலிச்சித்திரமாக நின்றார். இனங்களை அப்படிச் சித்திரித்தது புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பு வளர்ந்து, 1979இல் தொடர் நிறுத்தப்பட்டது. சொல் சறுக்குவதைக் கண்டு சிரிப்பதும், சறுக்கியவரின் சாதிசனத்தைக் கண்டு சிரிப்பதும் ஒரே அரைமணி நேரத்தில் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான் கடைப்பிடிக்கிற அளவுகோல் எளிமையானது. பிழை செய்தவர் முதலில் சிரித்தாரா? அப்படியானால் வகுப்பு சிரிக்கலாம். அவர் சிரிக்கவில்லை என்றால் நான் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவேன், எவ்வளவு வேடிக்கையான பிழையானாலும். கோப்பி கேட்ட அம்மா அன்று முகம் வாடியிருந்தால் அந்த இருபது நிமிடமும் நடந்திருக்காது, நடந்திருக்கவும் கூடாது.

குத்தல் பேச்சு அறவே வேண்டாம். பிந்தி வந்த மாணவரிடம் "இவ்வளவு வெள்ளனவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். தொடக்க நிலையில் இருப்பவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார். மற்றவர்கள் சிரித்த பிறகுதான் அவருக்குத் தெரியும். சொல்லின் பொருளைப் பிடிப்பதற்கே மூச்சு முட்டுகிறவரிடம், சொல்லுக்கு எதிரான பொருளைத் தொனியில் ஒளித்துக் கொடுப்பது அநியாயம்.

ஒருமுறை நிறங்களும் வடிவங்களும் கற்பிக்கப் பலூன்கள் கொண்டுபோனேன். ஒன்று வெடித்தது. ஒரு பெண் மேசைக்குக் கீழே போய்விட்டார். முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டு வந்த ஒருவர் எழுந்து வாசலைப் பார்த்தபடி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. என் ஊரும் அதே ஊர்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் வகுப்பில் திடீர்ச் சத்தம் வரும் எந்த விளையாட்டும் இல்லை. ஓடிப் பிடிப்பதும் கண்ணைக் கட்டுவதும் இல்லை.

"ரீச்சர், இது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டெல்லோ? நாங்கள் படிக்க எல்லோ வந்தனாங்கள்" என்று ஒரு ஐயா கேட்டார். இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். பேருந்துச் செலவு செய்து, வேலை நேரத்தை விட்டு வந்திருக்கிறார். ஆசிரியர் என்றால் பலகைக்கு முன்னால் நின்று சொல்லித்தருபவர் என்று அறுபது வருடம் நம்பியவர். அவரிடம் விளையாட்டைத் திணிக்காமல், அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது. "ஐயா, இந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று எண்ணினேன். முப்பத்தொன்று. போன வாரம் முழுக்க நாலு" என்றேன். விளையாட்டு முடிந்ததும் அதில் வந்த வாக்கியங்களைப் பலகையில் எழுதி, கொப்பியில் பதியவும் நேரம் கொடுக்கிறேன். எழுதி முடித்தால்தான் அவருக்குப் படித்த நிறைவு வரும். அதில் தவறென்ன?

புதிதாகக் கற்பிக்கத் தொடங்குகிறவர்கள் பகிடிக்காரர்களாக இருக்க வேண்டுமென்று கவலைப்பட வேண்டாம். மிக நல்ல மொழி ஆசிரியர்கள் சிலர் மிகவும் அமைதியானவர்கள். நாளைய பாடத்தில் எந்த இடத்தில் மொழியே வேடிக்கை காட்டுகிறது என்று தேடுங்கள். ஒரே ஒலியில் இரண்டு சொல், ஒட்டாத இரண்டு சொல் ஒட்டும் இடம், விதியை மீறும் வினைச்சொல். அங்கே ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். போதும். பகிடி விழவில்லை என்றால் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றும் நான் புதியவர்களுக்குச் சொல்லிவந்தேன். விளக்கிய பகிடி செத்த பகிடி என்று எனக்குள் ஒரு உறுதி இருந்தது.

'நொக் நொக்' என்ற வகைப் பகிடியை எங்கள் வகுப்புக்குப் பனிக்காலத்தில் சொல்லிக்கொடுத்தேன். கதவைத் தட்டுகிறவரும் உள்ளே இருப்பவரும் பேசுகிற ஐந்து வரி. வரிகளின் அமைப்பு மாறாது; நடுவில் வரும் சொல் மட்டும் மாறும். நான் கொடுத்த உதாரணம் இது. "நொக் நொக்." "ஹூஸ் தெயர்?" "லெட்டஸ்." "லெட்டஸ் ஹூ?" "லெட்டஸ் இன், இட்ஸ் கோல்ட் அவுட் ஹியர்!" சலாட்டுக்குப் போடும் இலையின் பெயரும், எங்களை உள்ளே விடு என்ற வேண்டுதலும் ஒரே ஒலியில். வெளியே குளிர் என்பது கனடாவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத செய்தி.

இரண்டு வாரம் கழித்து, பெப்ரவரியில், பனி முழங்கால் வரை கொட்டிய ஒரு காலை. வகுப்பு தொடங்கி இருபது நிமிடம். பூட்டாத கதவை யாரோ தட்டினார்கள். திறக்காமல் மறுபடி தட்டினார்கள். பிறகு வெளியிலிருந்து, "நொக் நொக்!"

கோப்பி அம்மாவின் குரல்.

"ஹூஸ் தெயர்?" என்றது வகுப்பு.

"வடை."

"வடை ஹூ?"

கதவு திறந்தது. தொப்பியிலும் தோளிலும் பனியோடு அம்மா நின்றார். "வட கோல்ட் டே!"

தமிழ் தெரிந்த நான்கு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. சிரிய இளைஞர் கையை உயர்த்தி, வடை என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா பனிச்சட்டையைக் கழற்றவில்லை, பலகைக்குப் போனார். நடுவில் துளையுள்ள ஒரு வட்டம் வரைந்தார். உளுந்துக்கு ஆங்கிலம் தெரியாமல் "பிளாக் பீன், ஸ்மோல், ஸ்மோல்" என்று விரலால் காட்டினார். எத்தனை மணிநேரம் ஊறப்போட வேண்டும், எப்படி அரைக்க வேண்டும், எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்று சொன்னார். 'காஃபி'யோடு சாப்பிட நல்லது என்று பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதிச் சொன்னார். அதன் பிறகு 'வட'வையும் வடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டையும் அம்புக்குறியால் இணைத்தார்.

அதுவரை வகுப்பில் அவர் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு மூன்று வாக்கியம். அன்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம், ஒரு பகிடியை விளக்குவதற்கு.